திரும்பக் கூப்பிடும் இணைப்பு

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச் சந்தில், ஒரு மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். வீடு கட்டுவதற்கான வரைபடம், மனைப் பிரிவு வரைபடம், அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தை அளந்து போடும் வரைபடம், இவைதான் வேலை. நாங்கள் மூன்று பேர். இன்ஜினியர் சார் தன் காரில் ஊர் ஊராகப் போய் அளந்து வருவார். அக்கா அதைக் கணினியில் வரைவாள். கணினிகளைப் பார்த்துக்கொள்வது, தட்டச்சு, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான். அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள், அதனால் அக்கா.

மூன்று கணினிகளையும் ஒயர் போட்டு இணைத்து வைத்தது நான்தான். சாரின் மேஜையில் ஒன்று, அக்காவுடையது ஒன்று, மூன்றாவது பிளாட்டரோடு சேர்ந்தது. பிளாட்டர் என்பது பெரிய தாளில் வரைபடத்தைப் போட்டுக் கொடுக்கும் இயந்திரம். எங்களுடையது யாரோ பயன்படுத்திவிட்டுத் தள்ளியது. வரிசையில் செருகியிருக்கும் பேனாக்களில் ஒன்றைத் தானே எடுத்து, தாளில் கோடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். மத்தியானங்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தால் தூக்கம் சொக்கும். ஜன்னலில் மலை தெரியும். வெயில் ஏற ஏற அது வெளுத்துக்கொண்டே போய், மூன்று மணிக்கு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாள் அக்கா உட்காராமல், பையைத் தோளிலிருந்து கழற்றாமல் சாரின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், டாக்டர் படுக்கச் சொல்லிட்டாங்க. இது அஞ்சாம் மாசம். பிரசவம் ஆகற வரைக்கும் எழுந்து நடக்கவே கூடாதாம். நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க சார்."

அதற்கு முன்னால் இரண்டு முறை கரு தங்காமல் போனது எங்களுக்குத் தெரியும். இரண்டாவது முறை, விடுப்பு முடிந்து வந்த அன்று மாலைவரை ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடத்தில் ஜன்னல் ஜன்னலாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற ஆளை எங்கம்மா போய்த் தேடுவேன்? நான் எழுதற நம்பரைப் படிக்கறதுக்கே நீ ஒருத்திதான் இருக்கற" என்றார்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "சார், அக்கா வீட்ல ஃபோன் இருக்கு. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு நம்மகிட்ட சும்மா கிடக்குது. மோடம்னு ஒரு பெட்டியை ஃபோன் லைன்ல போட்டா அக்கா படுத்துக்கினே இங்க வேலை செய்யலாம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிச் செய்யலாம் என்று ஒரு கணினிப் பத்திரிகையில் படித்திருந்தேன், அவ்வளவுதான். செய்து பார்த்ததில்லை.

பழைய கணினியைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். மலையைச் சுற்றிப் போகும்போது அது ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வேறு மலையாக மாறிக்கொண்டே வரும். அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது, அலுவலக ஜன்னலில் தினமும் பார்க்கும் மலை அது இல்லை. தோள் சாய்த்துப் படுத்திருக்கிற வேறு ஏதோ ஒன்று.

கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு அதில் அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் செங்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பகலில் துணைக்கு மாமியார் மட்டும். அந்த அம்மா வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம், ஒரு தட்டில் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் ஒயர்களைச் செருகுவதை உட்கார்ந்து பார்த்தார். மோடம் முதல் முறை அலுவலகத்தைக் கூப்பிட்டு, இழுத்து இழுத்துக் கிறீச்சிட்டபோது காதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா இது, பூனையை மிதிச்சாப்பல கத்துது?"

"ரெண்டு மெஷினும் பேசிக்குதுங்கம்மா."

"இப்படிக் கத்திக்கினா பேசும்?"

கத்தி ஓய்ந்தது. திரையில் ஒரு சதுரம் விரிந்து, அதற்குள் மெல்ல மெல்ல, மேலிருந்து கீழாக, வேங்கிக்காலில் நான் திறந்து வைத்துவிட்டு வந்த திரை வரைந்துகொண்டே இறங்கியது. அக்கா ஒருக்களித்துப் படுத்தபடி, தலையணை மேல் வைத்த பலகையில் மவுஸை நகர்த்தினாள். மலைக்கு அந்தப் பக்கத்தில், பூட்டிய அறையில், ஒரு அம்புக்குறி நகர்ந்தது.

"ஏய், நான் ஆபீஸ்ல இருக்கேன்டீ" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பெரிய வரைபடங்களை அவள் தன் கணினியிலேயே வரைந்து வைத்துக்கொள்வாள். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கூப்பிட்டு உள்ளே வந்து அவற்றை அனுப்புவாள், சார் சொன்ன திருத்தங்களைச் செய்வாள், பிளாட்டரை ஓடவிடுவாள். சாருக்கு ஜாஸ்தி வேலை வெளியூரில்தான் என்பதால் பல மத்தியானங்களில் நான் மட்டும் இருப்பேன். தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே அக்காவின் திரையைப் பார்ப்பேன். யாரும் உட்காராத நாற்காலிக்கு எதிரில் ஒரு சுவர் எழும்பும், கதவு வரும். கோடு கொஞ்சம் தயங்கி, அழிந்து, அரை அடி தள்ளி மறுபடி வரும். அந்தத் தயக்கத்தில் அக்காவின் கை எனக்குத் தெரியும். பிறகு பக்கத்து மேஜையில் பிளாட்டர் விழித்துக்கொண்டு ஒரு பேனாவை எடுக்கும். தொட வேண்டிய வேலை எதுவும் எனக்கு இல்லை. வெயிலும் மின்விசிறியும் தானாக நகரும் பேனாவுமாக, நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியாமல் போகும்.

இரண்டாவது வாரம் திங்கள்கிழமை காலை முதல் ஆளாக வந்து திறந்தேன். அக்காவின் திரையில் நான் திறக்காத ஒரு வெள்ளைப் பக்கம் திறந்திருந்தது. அதில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து யாரோ எழுதியிருந்தார்கள்:

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க ஆபீஸுக்குப் போட்ட நம்பர்ல ஒரு எண் மாறிப்போச்சு. உங்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்டே கேக்காம என்னை உள்ள விட்டுடுச்சு. ஒரு வரைபடம் திறந்திருந்தது, தொடல. தயவுசெஞ்சு பாஸ்வேர்டு போடுங்க."

கடவுச்சொல் வைக்கும் இடத்தை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் காலியாக விட்டிருந்தேன். முதல் நாள் இணைப்பு கிடைத்த சந்தோஷத்தில் அது அப்படியே மறந்துபோனது. திறந்திருந்த வரைபடம், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகோதரர்களின் பாகப்பிரிவினை. இன்னும் அவர்கள் கண்ணிலேயே காட்டாதது.

அந்தப் பக்கத்தை மூடி அழித்துவிட ஒரு விரலசைவு போதும். யாருக்கும் தெரியாது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். நாற்காலிகள், சுருட்டி வைத்த தாள்கள், மூலையில் குடை, எல்லாம் சனிக்கிழமை விட்டுப்போன இடத்திலேயே இருந்தன. ஆனாலும் யாரோ வந்து நின்று பார்த்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. அழிக்கவில்லை. சார் வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். மேஜை இழுப்பறைக்குப் பூட்டு, அந்தச் சாவிக்கு ஒரு டப்பா, டப்பாவை வைக்க பீரோ என்று வாழ்கிறவர். நேராகப் போய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினார்.

"என் தப்புதாங்க சார். பாஸ்வேர்டு வெக்காம விட்டுட்டேன்."

"நல்ல மனுஷன், எழுதி வெச்சிட்டுப் போனான். வேற எவனாவது கோட்டை அரை அடி தள்ளிப் போட்டிருந்தா? ரெண்டு குடும்பம் வெட்டிக்கினு சாவும்மா." ஒயர் இன்னும் அவர் கையில் இருந்தது. "போதும். அந்தம்மாவுக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சார், ரெண்டு நாள் குடுங்க. அதுவரைக்கும் சொல்லாதீங்க."

அவர் ஒயரை மேஜை மேல் போட்டார். ஃபோனை எடுக்கவில்லை.

இரண்டு கணினிகளையும் இணைக்க நான் போட்டிருந்த மென்பொருளின் உதவிப் பக்கங்களை அச்செடுத்து, வீட்டுக்கும் கொண்டுபோய் வரி வரியாகப் படித்தேன். என் ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் ஒரு மணி நேரம். நடுவில் எங்கோ கிடைத்தது அது: திரும்பக் கூப்பிடுதல். வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டுப் பெயரும் கடவுச்சொல்லும் சொன்னால், அலுவலகக் கணினி அவரை உள்ளே விடாது. இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு, அந்தப் பெயருக்கு நேராகத் தான் குறித்து வைத்திருக்கும் எண்ணைத் தானே கூப்பிடும். அந்த எண் உள்ள வீட்டில் இருந்தால் மட்டும்தான் உள்ளே வர முடியும். கடவுச்சொல்லைத் திருடியவன் எங்கிருந்து கூப்பிட்டாலும், மணி அடிப்பது அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான்.

அப்படியே அமைத்தேன். கூடவே, வெளியிலிருந்து வருகிறவருக்கு வரைபடங்கள் இருக்கும் ஃபோல்டரும் பிளாட்டரும் மட்டும் தெரியும்படி செய்து, சாரின் கணினியை முழுவதுமாக மூடினேன். மாலை கிளம்பும்போது மோடத்தை அணைப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

நான் விளக்கியதைச் சார் கேட்டுக்கொண்டார். "நான் நம்பணும்னா நானே திருடனா வந்து பாக்கணும். அந்தம்மா பேரு, பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் குடு" என்றார். சீட்டை மடித்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேரடி வீதியில் அதே மென்பொருள் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிவிட்டார்.

நான் மோடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு மினுங்கியது. கிறீச்சிட்டது. சட்டென்று அடங்கியது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் ஒன்றுமில்லை. பிறகு தானாக எண்களைச் சுழற்றத் தொடங்கியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சாரின் மேஜையில் இருந்த இன்னொரு தொலைபேசி அடித்தது. அக்கா.

"ஏண்டீ, நீ கூப்பிட்டியா? எடுத்தா கீச்சுன்னு கத்துது. என் மாமியார் மெஷினுக்குப் பசிக்குதான்னு கேக்கறாங்க."

சார் வேர்த்து விறுவிறுத்துப் படியேறி வந்தார். சின்னப் பையனைப் போல முகம் மலர்ந்திருந்தது.

"உள்ள விடலம்மா! மூணு தபா பாத்துட்டேன். பட்டுனு கட் பண்ணிடுச்சு."

அவரே மோடத்தைத் தடவிக் கொடுத்தார். அதன்பின் வருகிறவர்களிடமெல்லாம் எங்கள் கணினி ஆள் பார்த்துப் பேசும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. அக்கா வீட்டில் ஒரே சிக்கல், மணி அடித்தால் மோடத்துக்கு முன்னால் மாமியார் எடுத்து "அலோ" என்பார். இணைப்பே கிடைக்காது. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் ஃபோனைத் தொடவே கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாவும் தலையாட்டினார். பிறகு தொடவேயில்லை.

எட்டாம் மாதம், ஒரு பௌர்ணமி, மலை சுற்றக் கூட்டம் வரும் நாள். அதனால் சார் வெளியூரிலிருந்து சீக்கிரமே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இரண்டு மணிக்கு அக்கா உள்ளே வந்தாள். ஒரு வீட்டின் மாடிப்படியைத் திருத்திக்கொண்டிருந்தாள். வெற்றிலைக்கொடி மாதிரி அந்தப் படிகள் ஒவ்வொன்றாக ஏறுவதை நான் அரைக் கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது படியில் அம்புக்குறி நின்றது.

யோசிக்கிறாள் என்று நினைத்தேன். மின்விசிறி சுற்றியது. கீழே சந்தில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அம்புக்குறி அசையவில்லை. பிறகு திரையின் அடியில், கட்டளை எழுதும் இடத்தில், ஒரே எழுத்து வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வரி நிறைந்தும் நிற்கவில்லை. தட்டச்சுப் பலகை மேல் எதுவோ சாய்ந்து கிடந்தது.

"சார்!" என்று கத்திக்கொண்டே அக்கா வீட்டுக்கு ஃபோன் போட்டேன். லைன் பிஸி. மறுபடி போட்டேன். பிஸி. மூன்றாவது முறை போடும்போதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டு லைனைப் பிடித்துக்கொண்டிருப்பதே எங்கள் மோடம்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்த வீட்டிலிருந்து யாரும் யாரையும் கூப்பிட முடியாது.

பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. மறுபடி எண்ணைச் சுழற்றினேன். மணி போனது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. எடுக்கக் கூடாது என்று சொன்னது நான்தானே. வைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி. கடைசியில் அந்த அம்மாவின் குரல்.

"யாரு? நீயாம்மா? வலி வந்து துடிக்கறாம்மா. ஃபோனை எடுத்தா கத்திக்கினே கீது. நான் யாரைக் கூப்பிடறது, எப்படிக் கூப்பிடறது? பக்கத்து வூட்லயும் ஆளில்ல, எல்லாம் மலை சுத்தறவங்களுக்கு மோர் ஊத்தப் பூட்டாங்க."

"கார் எடுத்துக்கினு வர்றோம்மா. அக்காகிட்டயே இருங்க."

சார் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

மலை சுற்றும் பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வெயில் தாழவில்லை, தார் ரோடு காலைச் சுடும். அப்படியும் ஆட்கள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். அக்காவைப் பின்சீட்டில் மாமியார் மடியில் படுக்க வைத்துக்கொண்டு திரும்பும்போது, கார் ஆட்களுக்கு நடுவில் ஊர்ந்தது. நான் இறங்கி முன்னால் நடந்தேன். கையை அகல விரித்துக்கொண்டு, "வழி விடுங்க, பிரசவம், வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். செருப்பைக் காரிலேயே விட்டிருந்தேன் என்பது ரொம்ப தூரம் போன பிறகுதான் தெரிந்தது. எதிரில் வந்தவர்கள் தண்ணீர் மாதிரி விலகினார்கள். ஒருவர் தன் தோளில் இருந்த குழந்தையை இறக்கிவிட்டு எனக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டு அவரும் "வழி, வழி" என்றார். பிறகு இன்னொருவர். என் பின்னால் காரின் இன்ஜின் உறுமுவதும் அக்கா முனகுவதும் கேட்டன. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கனவில் நடப்பதுபோல, கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குள் திரும்பும் இடத்தில் அந்த இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். நன்றி சொல்லத் திரும்பினால் கூட்டத்தில் அவர்கள் யார் என்றே அடையாளம் தெரியவில்லை.

அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. எடை கம்மி என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் சாரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது.

"உள்ள யாரும் வரக் கூடாதுன்னே பாத்துட்டிருந்தேன் சார். அவங்க கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவாங்கன்னு யோசிக்கவே இல்ல."

"நான் மட்டும் யோசிச்சனா?" என்றார் சார். பிறகு என் காலைப் பார்த்தார். "கொப்புளம் போட்டிருக்கு பாரு. நர்ஸம்மாகிட்டப் போய்க் காட்டு, போ."

பதினெட்டு நாள் கழித்துத் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். மேலும் இரண்டு மாதம் போனதும், குழந்தை தூங்கும் நேரத்தில் வரைகிறேன் என்று அக்காவே கேட்டாள். நான் போய் முதல் வேலையாக அந்த அம்மாவை மோடத்துக்கு முன்னால் உட்கார வைத்தேன். சுவரிலிருந்து வரும் ஒயரில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினேன்.

"எப்ப வேணும்னாலும் இதைப் புடுங்கலாங்கம்மா. புடுங்கினா ஃபோன் உங்களுக்கு வந்துடும். யாரையும் கேக்க வேணாம்."

"நெசமாவா?"

"புடுங்கிப் பாருங்க."

பிடுங்கினார். கிறீச்சிட்டுக்கொண்டிருந்த மோடம் பாதியில் வாயடைத்துப் போனது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை பத்தேகாலுக்கு இணைப்பு அறுந்தது. பதறிப்போய் ஃபோன் செய்தேன்.

"ஒண்ணுமில்லம்மா, கொழந்தை தூங்குது. அது கத்தினா முழிச்சிக்கும். அதான் புடுங்கிட்டேன்" என்றார் நிதானமாக.

அதற்கு மறுநாள் அவருடைய தங்கை வேலூரிலிருந்து பேசுவதாகச் சொல்லியிருந்தாளாம். அதற்கு மறுநாள் எந்தக் காரணமும் சொல்லவில்லை. வரைபடங்கள் பாதி பாதியாக வந்து சேர்ந்தன. ஒரு வீடு சமையலறை இல்லாமல் இரண்டு நாள் காத்திருந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். நான் சாரைப் பார்த்தேன்.

"இருக்கட்டும், விடும்மா. அவங்க வீட்டு ஃபோன்தானே" என்றார் சார். "சாயங்காலமா அனுப்பச் சொல்லு."